குழந்தை தூங்கும்போது ஆயா உட்காரலாமா? சம்பள நேரமும் ஓய்வும், ஒரு விளக்கம்

மதியம் குழந்தை தூங்கிவிட்டது. ஆயா அறைக் கதவை லேசாகத் திறந்து வைத்துவிட்டு, வெளியே சோபாவில் காலை நீட்டி உட்கார்ந்து போனைக் கையில் எடுக்கிறார். அலுவலகத்தில் இருக்கும் அம்மாவோ அப்பாவோ கேமராவில் இதைப் பார்க்கிறார். "சம்பளம் கொடுப்பது சும்மா உட்காரவா?" என்று கோபம் வருகிறது.

இந்தப் பேச்சு எழும்போதெல்லாம் ஆட்கள் இரண்டு பக்கமாகப் பிரிந்துவிடுகிறார்கள். எட்டு மணி நேரத்துக்குச் சம்பளம் வாங்கினால் எட்டு மணி நேரமும் வேலை பார்க்க வேண்டும் என்பது ஒரு பக்கம். அலுவலகத்தில் மட்டும் யார் எட்டு மணி நேரமும் வேலை பார்க்கிறார்கள் என்பது மறுபக்கம். இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது. 'வேலை', 'ஓய்வு' என்ற சொற்களை ஆளுக்கு ஒரு பொருளில் வைத்துக்கொண்டு பேசுவதால்தான் சண்டை தீரவே மாட்டேன் என்கிறது. அதனால் அடிப்படையிலிருந்து வருவோம்.

சம்பளம் எதற்குக் கொடுக்கிறோம்?

ஒருவருக்குச் சம்பளம் கொடுக்கும்போது வாங்குவது மூன்றில் ஒன்று, அல்லது மூன்றும் கலந்தது.

1. செய்து முடித்த வேலை. ஒரு அறிக்கை, ஒரு மென்பொருள், ஒரு மாதக் கணக்கு. இது சரியாக, நேரத்துக்கு வந்ததா என்பதே கேள்வி. நடுவில் அவர் ஜன்னலுக்கு வெளியே எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது பெரிய விஷயமே இல்லை.

2. உழைப்பு நேரம். இயந்திரத்தின் முன் நிற்கிறார், பொருட்களைப் பெட்டியில் அடுக்குகிறார். கை நின்றால் உற்பத்தியும் நின்றுவிடும்.

3. தயார்நிலை. எதுவும் நடக்காத நேரத்திலும் ஆள் அங்கே இருக்க வேண்டும், நடந்தால் உடனே எழுந்து வர வேண்டும். தீயணைப்பு வீரர், இரவுக் காவலர், நீச்சல் குளத்தில் காவலுக்கு இருப்பவர், வரவேற்பு மேசையில் இருப்பவர் எல்லாம் இந்த வகை.

ஆயாவின் வேலையில் இரண்டாவதும் மூன்றாவதும் மாறி மாறி வரும். குழந்தை விழித்திருந்தால் உழைப்பு, தூங்கினால் தயார்நிலை. கைக்குழந்தை என்றால் பகலிலேயே பல தடவை தூங்கும். பிறந்து மூன்று மாதம் வரை ஒரு நாளில் 14 முதல் 17 மணி நேரம், ஒன்று இரண்டு வயதில் 11 முதல் 14 மணி நேரம் தூங்குவது வழக்கம் என்று மருத்துவ வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. அதில் ஒரு பங்கு ஆயாவின் வேலை நேரத்தில்தான் விழும். ஆகவே ஆயாவின் நாளில் வரும் 'சும்மா' நேரம் அவர் ஏமாற்றி எடுத்துக்கொண்டதல்ல. குழந்தையின் நாளே அப்படித்தான் ஓடுகிறது.

அலுவலக வேலை பெரும்பாலும் முதல் வகை, ஆனால் இரண்டாவது வகை போலக் கணக்கு பார்க்கப்படுகிறது. அந்தச் சிக்கலுக்கு அப்புறம் வருகிறேன்.

காத்திருப்பது வேலையா? சட்டம் சொல்வது

இந்தக் கேள்வி புதிதே அல்ல. சர்வதேச தொழிலாளர் அமைப்பு 1930-ல் வணிக நிறுவனங்களுக்கும் அலுவலகங்களுக்கும் கொண்டுவந்த 30-வது உடன்படிக்கை வேலை நேரத்தை எப்படி வரையறுக்கிறது பாருங்கள்: தொழிலாளி முதலாளியின் ஏவலுக்கு உட்பட்டு இருக்கும் நேரம். கை அசைகிறதா என்ற பேச்சே அதில் இல்லை. கூப்பிட்டால் வர வேண்டிய நிலையில் இருந்தால் அது வேலை நேரம், அந்த நிலையில் இல்லாவிட்டால் ஓய்வு நேரம், அவ்வளவுதான்.

அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு 1944-ல் ஒரு வழக்கு வந்தது. சிகாகோவில் ஒரு சோப்புத் தொழிற்சாலை தனக்கென்று தீயணைப்பு ஆட்களை வைத்திருந்தது. பகல் வேலை முடிந்த பிறகு இரவிலும் அவர்கள் அங்கேயே தங்க வேண்டும், தீ பிடித்தால் ஓட வேண்டும். மற்ற நேரத்தில் சீட்டு ஆடலாம், வானொலி கேட்கலாம், தூங்கலாம். இதற்குச் சம்பளம் உண்டா? தூங்கிய, சாப்பிட்ட நேரம் நீங்கலாக, உண்டு என்றது நீதிமன்றம். எதுவும் செய்யாமல் இருப்பதற்கும், ஏதாவது நடக்கிறதா என்று காத்திருப்பதற்கும் மட்டுமேகூட ஒருவரைக் கூலிக்கு வைக்கலாம், வேலையைப் போலவே தயார்நிலையையும் விலைக்கு வாங்கலாம் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

அந்த நாட்டின் தொழிலாளர் விதிகள் இதை இன்னும் எளிமையாக, உதாரணம் வைத்தே சொல்கின்றன. சொல்வதை எழுதிக்கொள்ளக் காத்திருக்கும்போது புத்தகம் படிக்கும் சுருக்கெழுத்தாளர், அடுத்த வேலை வரும்வரை குறுக்கெழுத்துப் புதிர் போடும் தூதாள், இயந்திரம் பழுதுபார்க்கப்படும்போது பக்கத்தில் இருப்பவரிடம் பேசிக்கொண்டிருக்கும் தொழிலாளி, இவர்கள் எல்லாருமே வேலையில் இருப்பவர்கள்தான். குழந்தை எப்போது எழும் என்று காதை அந்தப் பக்கம் வைத்துக்கொண்டு புத்தகம் படிக்கும் ஆயாவை இந்தப் பட்டியலில் சேர்க்க எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை.

ஐரோப்பாவில் 2003-ல் இன்னொரு வழக்கு. ஜெர்மனியின் கீல் நகரில் ஒரு மருத்துவர். இரவுப் பொறுப்பில் மருத்துவமனையிலேயே தங்க வேண்டும். படுக்க அறை உண்டு, அழைப்பு வராதபோது தூங்கலாம். அந்த நேரம் முழுவதும் வேலை நேரமே என்று ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தான் விரும்பும் இடத்தில், தன் குடும்பத்தோடு இருக்க முடியாதபடி ஒருவரைக் கட்டிவைத்தால் அது ஓய்வு ஆகாது.

எல்லா நீதிமன்றமும் ஒரே மாதிரி சொல்லவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பராமரிப்பு தேவைப்படுபவர்களின் வீட்டில் இரவு தங்கித் தூங்கும் பணியாளர்களுக்கு, வேலைக்காக விழித்திருக்கும் நேரத்தைத்தான் குறைந்தபட்ச ஊதியக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2021-ல் சொன்னது. வேலை நேரமா என்பது ஒரு கேள்வி, அதற்கு எவ்வளவு சம்பளம் என்பது வேறு கேள்வி. நாட்டுக்கு நாடு பதில் மாறும். ஆனாலும் பகலில், விழித்துக்கொண்டு, குழந்தையின் பொறுப்பு முழுவதையும் சுமந்துகொண்டு உட்கார்ந்திருக்கும் ஆயாவின் நிலை இதைவிட எவ்வளவோ தெளிவானது.

வீட்டுப் பணியாளர்களுக்கென்றே 2011-ல் சர்வதேச தொழிலாளர் அமைப்பு 189-வது உடன்படிக்கையை ஏற்றது. தன் விருப்பப்படி செலவழிக்க முடியாமல், அழைப்பு வந்தால் செல்வதற்காகக் காத்திருக்கும் நேரத்தையும் அந்தந்த நாட்டுச் சட்டம் வகுக்கும் அளவுக்கு வேலை நேரமாகக் கருத வேண்டும் என்கிறது அது. வாரத்துக்குத் தொடர்ச்சியாக 24 மணி நேரமாவது ஓய்வு வேண்டும், அன்றாட ஓய்வு நேரத்தில் அந்த வீட்டிலேயே இருந்தாக வேண்டும் என்று கட்டாயப்படுத்தக் கூடாது என்றும் சொல்கிறது. எல்லா நாடுகளும் இதில் கையெழுத்துப் போட்டுவிடவில்லை. உலகில் சுமார் 7.5 கோடி வீட்டுப் பணியாளர்கள், நான்கில் மூன்று பேருக்கு மேல் பெண்கள், பத்தில் எட்டுப் பேர் முறைசாராமல் வேலை பார்ப்பவர்கள் என்பது அதே அமைப்பின் 2021 மதிப்பீடு. அதாவது இந்த உரிமைகள் பெரும்பாலானவர்களுக்குக் காகிதத்தில்கூட இல்லை, பேசி வாங்கினால்தான் உண்டு.

வேலை ஓய்ந்த நேரம் வேறு, இடைவேளை வேறு

இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதில்தான் பாதிப் பிரச்சினை.

1. வேலை ஓய்ந்த நேரம்: கையில் வேலை இல்லை, பொறுப்பு இருக்கிறது. எழுந்து வெளியே போக முடியாது. சம்பளம் உண்டு.

2. சிறு இடைவேளை: ஐந்து பத்து நிமிடம் எழுந்து நடப்பது, முகம் கழுவுவது. அமெரிக்க விதிகளில் 5 முதல் 20 நிமிடம் வரையான இடைவேளை சம்பள நேரமாகவே கணக்காகிறது, ஏனென்றால் அது வேலைத் திறனுக்கும் நல்லது என்பதே அந்த விதி சொல்லும் காரணம்.

3. முழு இடைவேளை: சாப்பாட்டு நேரம் போல அரை மணியோ அதற்கு மேலோ. இதற்குச் சம்பளம் கொடுக்க வேண்டாம் என்று பல இடங்களில் சட்டம் அனுமதிக்கிறது, ஆனால் பொறுப்பிலிருந்து முழுதாக விடுவித்திருக்க வேண்டும். மேசையிலேயே உட்கார்ந்து சாப்பிடச் சொன்னால் அந்த அலுவலகப் பணியாளர் சாப்பிடும்போதும் வேலையில் இருப்பவர்தான்.

இதை ஆயாவின் நாளோடு வைத்துப் பாருங்கள். தனியாக ஒரு குழந்தையோடு இருக்கும் ஆயாவுக்கு மூன்றாவது வகை கிடைக்கவே கிடைக்காது. பொறுப்பை யாரிடம் கொடுத்துவிட்டுப் போவார்? ஒரு கையில் குழந்தை, இன்னொரு கையில் தட்டு, அதுவும் பாதியில் குழந்தை அழுதால் தட்டைக் கீழே வைத்துவிட்டு ஓட வேண்டும். "குழந்தை தூங்கும்போது ஓய்வெடுத்துக்கொள்கிறாரே, அதுதான் இடைவேளை" என்று கணக்கை முடித்துவிட்டு, அதே நேரத்தில் "குழந்தை தூங்கும்போது வீட்டைக் கூட்டினால் என்ன" என்றும் கேட்பவர்கள் உண்டு. இரண்டில் ஒன்றைத்தான் சொல்ல முடியும்.

ஆயா: உடம்பு சாயலாம், காது சாயக் கூடாது

கவனம் என்பது எவ்வளவு சீக்கிரம் தேயும் என்பதற்கு ஒரு பழைய சோதனை இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் ரேடார் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் நேரம் ஆக ஆகப் புள்ளிகளைத் தவறவிட்டார்கள். நார்மன் மேக்வொர்த் என்ற பிரிட்டிஷ் உளவியலாளர் இதை ஆராய ஒரு கடிகாரம் வைத்தார். முள் நொடிக்கு ஒரு படி நகரும், எப்போதாவது இரண்டு படி குதிக்கும், அப்போது பொத்தானை அழுத்த வேண்டும். 1948-ல் வெளியான முடிவு: முதல் அரை மணி நேரத்துக்குள்ளேயே ஆட்கள் தவறவிட ஆரம்பித்துவிட்டார்கள். அரை மணி வேலை, அரை மணி ஓய்வு என்று மாற்றி மாற்றி வைத்தபோது அந்தச் சரிவு இல்லை. நீச்சல் குளக் காவலர்களைக் குறிப்பிட்ட நேரத்துக்கு ஒருமுறை இடம் மாற்றுவதும், ஓய்வுக்கு அனுப்புவதும் இதே காரணத்துக்காகத்தான்.

ஆகவே பிள்ளை தூங்கும் ஒன்றரை மணி நேரத்தில் ஆயா உட்கார்ந்து கண்ணை எடுத்து வேறெங்காவது வைத்தால், எழுந்த பிறகு குழந்தைக்குக் கிடைப்பது தெளிந்த கண். அந்த நேரத்தில் அலமாரியைத் துடைக்க வைத்தால் கிடைப்பது களைத்த கண். பெற்றோர் தங்கள் நலனை மட்டும் பார்த்தாலும் முதலாவதுதான் லாபம்.

கேமராவைப் பற்றி ஒன்று. அதில் தெரிவது உடம்பு மட்டும், கவனம் தெரியாது. சோபாவில் சாய்ந்து படித்துக்கொண்டிருக்கும் ஒருவர் உள்ளே தொட்டில் கிறீச்சிட்டதும் பக்கத்தைத் திருப்பாமல் நிற்கிறார், மூச்சு மறுபடி சீராவதைக் கேட்டுவிட்டுத்தான் படிப்பைத் தொடர்கிறார். இந்த மூன்று விநாடியைத்தான் சம்பளம் வாங்குகிறது, அதை எந்தக் கேமராவும் காட்டாது. இன்னொருவர் நாள் முழுக்கத் துணி மடித்துக்கொண்டே நிற்கலாம், குழந்தை எதை வாயில் போட்டது என்று தெரியாமலே.

இதனால் ஆயா எப்படி வேண்டுமானாலும் ஓய்வெடுக்கலாம் என்று ஆகிவிடாது. சில இடங்களில் எல்லை கறாரானது, பேரமே கிடையாது.

1. தண்ணீர் அருகில் ஓய்வு இல்லை. குளியல் தொட்டி, வாளி, குளம் எதுவாக இருந்தாலும் கை எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், போன் வேறு அறையில் இருக்க வேண்டும். நீரில் மூழ்குவதில் 1 முதல் 4 வயதுக் குழந்தைகள்தான் அதிகம் இறக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. மூழ்கும் குழந்தை பெரும்பாலும் சத்தம் போடாது, அதனால் காதை நம்பி உட்கார முடியாது.

2. கைக்குழந்தையை மார்பில் போட்டுக்கொண்டு சோபாவில் கண் அசருவது கூடாது. பார்க்க அழகாகத்தான் இருக்கும், ஆனால் மூச்சு முட்டி இறக்கும் ஆபத்து சோபாவில் பல மடங்கு அதிகம். களைப்பாக இருந்தால் குழந்தையை அதன் படுக்கையில் மல்லாக்கப் படுக்க வைத்துவிட்டுத்தான் உட்கார வேண்டும்.

3. குழந்தை விழித்து விளையாடும்போது நீண்ட போன் பேச்சு, வீடியோ, காதில் இயர்போன் எல்லாம் வேண்டாம். ஒரு செய்திக்குப் பதில் போடுவதை நான் இதில் சேர்க்க மாட்டேன், அதை எந்தப் பெற்றோரும் செய்யாமல் இல்லை.

4. பகல் தூக்கம். குழந்தையின் அழுகை எழுப்பிவிடும் என்று சிலர் வாதிடுவார்கள். எல்லாக் குழந்தையும் எழுந்ததும் அழாது. நடக்கத் தெரிந்த குழந்தை சத்தமில்லாமல் இறங்கி வாசல்வரை போய்விடும். எனவே பகலில் தூங்குவது பெற்றோரோடு பேசி ஒப்புக்கொண்டால் மட்டும்தான்.

இந்த நான்கையும் ஒழுங்காகக் கடைப்பிடிக்கும் ஒருவர் தூங்கும் குழந்தைக்குப் பக்கத்து அறையில் தொடர் பார்த்தால் அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

அலுவலகம்: ஓய்வைவிடப் பாவனைதான் செலவு

ஆட்களைக் கசக்கிப் பிழிவதற்கு வழி காட்டியவர் என்று பேர் வாங்கிய அமெரிக்கப் பொறியாளர் ஃபிரெடரிக் டெய்லரே, ஓய்வு இல்லாமல் வேலை ஓடாது என்று எழுதியிருக்கிறார். 1911-ல் வெளியான அவருடைய நூலில் இரும்புக் கட்டிகளைச் சுமக்கும் தொழிலாளர் கணக்கு வருகிறது: ஒவ்வொன்றும் 92 பவுண்டு எடை, அந்தச் சுமையோடு ஒரு நாளில் 43 சதவீத நேரம்தான் இருக்க முடியும், மீதி நேரம் கை வெறுமையாக இருக்க வேண்டும். முதல் உலகப் போரின்போது பிரிட்டனில் வெடிமருந்துத் தொழிற்சாலைகளில் வேலை பார்த்தவர்களின் பதிவுகளைப் பொருளாதார அறிஞர் ஜான் பென்காவல் 2014-ல் மறுபடி ஆராய்ந்தார். வாரத்துக்கு ஏறக்குறைய 50 மணி நேரத்தைத் தாண்டியதும், கூடுதல் மணிக்குக் கிடைக்கும் உற்பத்தி குறைந்துகொண்டே போனது. உடல் உழைப்பிலேயே இப்படி என்றால், யோசித்து முடிவெடுக்கும் வேலையில் நாள் முழுக்க ஒரே வேகம் வரும் என்று எதிர்பார்க்க முடியாது.

பத்து நிமிடம்வரையான சிறு இடைவேளைகளைப் பற்றி வந்த ஆய்வுகளைத் தொகுத்து 2022-ல் ஒரு கட்டுரை வெளியானது. களைப்பு குறைகிறது, சுறுசுறுப்பு கூடுகிறது என்பது அதில் உறுதியாகத் தெரிந்தது. வேலைத் திறன் கூடுகிறதா என்பது அவ்வளவு உறுதியாக இல்லை, மூளையைப் பிழியும் வேலைக்குப் பத்து நிமிடம் போதாமல் இருக்கலாம் என்பது அவர்கள் கருத்து. அதாவது அலுவலகத்தில் எழுந்து நடப்பவரிடம் "இதனால் உற்பத்தி கூடியதா" என்று நிரூபணம் கேட்க வேண்டியதில்லை. களைப்பு குறைகிறது என்பதே போதுமான காரணம்.

கெடுதல் வேறு இடத்தில் இருக்கிறது. வேலை முடிந்த பிறகும் முடிந்ததுபோல் காட்டிக்கொள்ளக் கூடாத சூழல். மேலாளர் நடந்து வரும் சத்தம் கேட்டதும் திரையை மாற்றுவது, ஒரு மணி நேர வேலையை நாள் முழுக்க இழுப்பது, கணினியில் ஆள் வேலையில் இருப்பதாகக் காட்டும் பச்சைப் புள்ளி அணையாமல் இருக்க அடிக்கடி மவுஸைத் தொடுவது. 2024-ல் அமெரிக்காவின் பெரிய வங்கி ஒன்று, விசைப்பலகை ஓடிக்கொண்டிருப்பதுபோல் போலியாகக் காட்டியதற்காகப் பத்துப் பேருக்கு மேல் வேலையை விட்டு அனுப்பியது. ஏமாற்றியது தவறுதான், அதை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் விசை அழுத்தத்தை எண்ணினால் கிடைப்பது விசை அழுத்தம். யோசிப்பவரின் கை பல நேரம் சும்மாதான் இருக்கும்.

எல்லா அலுவலக வேலையும் ஒன்றல்ல என்பதையும் மறக்கக் கூடாது. வாடிக்கையாளர் அழைப்புகளை எடுப்பவர் ஆயாவுக்குத்தான் பக்கம்: எழுந்து போனால் அழைப்பு தவறும், அதனால் அவருக்குத் தேவை அட்டவணை போட்ட, மாற்று ஆள் உள்ள இடைவேளை. நிரல் எழுதுபவருக்கு அட்டவணையே வேண்டாம், மணிக்கணக்கைக் கேட்காமல் விட்டாலே போதும்.

சரி, ஒரு குறிப்பிட்ட ஓய்வு நியாயமா என்று எப்படிப் பார்ப்பது?

1. விலைக்கு வாங்கியது எது, அது குறைகிறதா? தூங்கும் குழந்தையின் பக்கத்து அறையில் படித்தால் தயார்நிலை குறையவில்லை. அழைப்பு மையத்தில் அழைப்பை எடுக்காமல் படித்தால் குறைகிறது.

2. அந்தச் சுமை வேறு யார் தலையில் விழுகிறது? உங்கள் வேலை மூன்று மணிக்கே முடிந்துவிட்டது, பக்கத்து மேசைக்காரர் இரவு எட்டு வரை தவிக்கிறார், அந்த நிலையில் முடிந்ததை மறைத்து வைத்து உட்கார்வது எனக்குச் சரியாகப் படவில்லை. அதே சமயம், சீக்கிரம் முடிப்பவருக்குப் பரிசாக இன்னும் வேலையை ஏற்றும் மேலாளர்தான் அந்த மறைப்புக்கு முதல் காரணம்.

3. ஒரே மணியை இரண்டு பேருக்கு விற்கிறீர்களா? ஓய்வெடுப்பது வேறு, அதே நேரத்தில் இன்னொரு நிறுவனத்துக்கு வேலை செய்து அங்கேயும் சம்பளம் வாங்குவது வேறு. ஆயா பெற்றோருக்குத் தெரியாமல் இன்னொரு குழந்தையையும் சேர்த்துப் பார்ப்பதும் இதே கணக்கில்தான் வரும்.

4. எதிரே நின்று சொல்ல முடியுமா? "குழந்தை தூங்கும்போது நான் கொஞ்சம் படுத்துப் படிப்பேன்" என்று முதல் நாளே சொல்ல முடிந்தால் பிரச்சினை இல்லை. சொல்லப் பயம் என்றால், அந்தப் பயம் தவறு செய்வதால் வருகிறதா, உட்கார்ந்தாலே திட்டு விழும் வீடு என்பதால் வருகிறதா என்று பார்க்க வேண்டும். வீட்டு வேலையில் இரண்டாவதுதான் அதிகம். கடைகளில் நாள் முழுக்க நின்ற பெண்களுக்கு மூன்று பேருக்கு ஒரு இருக்கையாவது போட வேண்டும் என்று பிரிட்டனில் 1899-ல் சட்டமே போட வேண்டியிருந்தது. உட்காருவதைச் சோம்பலாகப் பார்க்கும் கண் அவ்வளவு பழையது.

கேமராவைப் பார்த்துக் கோபப்படும் பெற்றோரும் அந்த நிமிடம் தங்கள் சம்பள நேரத்தில்தான் இருக்கிறார்கள். குத்திக்காட்ட இதைச் சொல்லவில்லை. குழந்தை நன்றாக இருக்கிறதா என்று நடுவில் எட்டிப் பார்ப்பது இயல்பு, அதற்காக யாரும் அவர்கள் சம்பளத்தைப் பிடிக்கக் கூடாது. அந்த நியாயத்தை மறுமுனையில் இருப்பவருக்கும் கொடுக்க வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

முதல் நாளே பேசி எழுதிவைக்க வேண்டியவை

அலுவலகத்துக்கு நியமனக் கடிதம், விடுப்பு விதி எல்லாம் இருக்கும். ஆயாவுக்கு வாய்ப்பேச்சுதான், அதனால் இங்கேதான் எழுத்து அதிகம் தேவை. அரைப் பக்கம் போதும்.

1. குழந்தை தூங்கும்போது செய்ய வேண்டிய வேலைகள் எவை என்று பெயர் சொல்லி: பால் பாட்டில் கழுவுவது, குழந்தையின் துணி, பொம்மைகளை எடுத்து வைப்பது. இதில் இல்லாதது எதுவும் 'கையோடு செய்துவிடு' என்று பிறகு வந்து சேரக் கூடாது. வீடு முழுக்கத் துடைக்க வேண்டும் என்றால் அது வேறு வேலை, அதற்குச் சம்பளமும் வேறு.

2. அந்த வேலை முடிந்த பிறகு மீதி நேரம் அவருடையது: உட்காரலாம், படிக்கலாம், போன் பார்க்கலாம். தூங்கலாமா கூடாதா என்பதையும் வெளிப்படையாக.

3. கேமரா எங்கெங்கே இருக்கிறது, யார் பார்ப்பார்கள் என்பது. சொல்லாமல் வைப்பது பல இடங்களில் சட்டச் சிக்கல், எல்லா இடத்திலும் நம்பிக்கைச் சிக்கல்.

4. வேலை நேரம் நீண்டால், ஒரு நாளில் அரை மணி நேரம் பெற்றோரோ வேறு பெரியவரோ குழந்தையை வாங்கிக்கொள்வது எப்போது என்பது. அந்த அரை மணியில் ஆயா வெளியே நடந்துவிட்டு வரலாம், கதவைச் சாத்திக்கொண்டு படுக்கலாம், யாரும் கூப்பிடக் கூடாது. வாங்கிக்கொள்ள வீட்டில் ஆளே இல்லை என்றால் அந்த நேரத்துக்கும் சேர்த்துச் சம்பளம் போட வேண்டும், அதை இடைவேளை என்று கழிக்கக் கூடாது.